தலைமையகம்

முன்னறையில் உட்கார நாற்காலி போதவில்லை என்று மகன் அப்பாவின் சுழல் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தபோது, அதன் கையில் தொங்கிக்கொண்டிருந்த ஹெட்போனும் கூடவே வந்தது. வயர் இழுபட்டுக் கழன்றது. உடனே உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல் வீடு முழுக்கக் கேட்கும்படி அதட்டியது.

"கேப்டன், ஒளிஞ்சது போதும். எனக்கு பெட்ரோல் தீரப் போகுது. ஒரு சத்தமாவது குடுங்க."

வந்திருந்த பதினைந்து பேரும் போர்வைக்கடியில் கிடந்தவரைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். கூப்பிட்ட குரலுக்கு எங்கே எழுந்து பதில் சொல்லிவிடுவாரோ என்று பயந்த மாதிரி இருந்தது. அம்மாவின் நாத்தனார்தான் முதலில் வாய் திறந்து, உள்ளே யார் அது என்று கேட்டாள். அது அப்பாவோட விமானம் அத்தை என்றான் மகன். அதற்கு மேல் விளக்க அவனுக்கும் தெரியவில்லை. அணைத்துவிட்டு வருகிறேன் என்று திரும்பியவனின் கையைப் பிடித்து நிறுத்தினாள் அம்மா.

"நான் போறேன்டா," என்றாள். காலையிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது.

அதுவரை அவள் கணவரின் கால்மாட்டில், சுவரோடு சுவராகத்தான் உட்கார்ந்திருந்தாள். முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதிர்ச்சி, பாவம் என்று எல்லோரும் சொன்னார்கள். அதிர்ச்சி இல்லை. அவள் மண்டைக்குள் ஒரே ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு நாற்பது மேலங்கி, மறுநாள் காலைக்குள் கொடுத்தாக வேண்டும். ஒன்பதரை மணிக்குத் தையல் மிஷினில் உட்கார்ந்தவள் பதினொரு மணிக்கு, டீ ஆறுகிறது, வாருங்கள் என்று அவரைக் கூப்பிடும்வரை மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. அந்த மிஷின் ஓடும்போது வாசல் மணி அடித்தால்கூடக் காதில் விழாது. வந்து பார்த்த டாக்டர் பத்தேமுக்கால் வாக்கில் இதயம் நின்றிருக்கும் என்றார். பெரிதாக வேதனை இருந்திருக்காது என்றும் சொன்னார். எல்லா வீட்டிலும் அதைத்தான் சொல்வார் போலிருக்கிறது.

அவர் தன்னைக் கூப்பிட்டாரா? இரண்டு எட்டு வைத்தால் அவர் அறை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, இவள் வரவில்லை என்றுதான் தலையைச் சாய்த்தாரா? இதை யாரிடம் கேட்பது? தெரிந்த ஒரே மனுஷர் முன்னறையில் கிடக்கிறார்.

அறை என்று சொன்னால் அறைகளுக்கே கோபம் வரும். மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து. ஒரு மேசை, பெரிய திரை, ஒட்டுத்துணியால் மேசையோடு சேர்த்துக் கட்டிய மைக். மேசைக்கடியில் அவளுடைய பழைய தையல் மிஷினின் கால்மிதி. அதை அழுத்தினால்தான் இங்கே பேசுவது அங்கே கேட்கும்படி அவரே வயரை மாற்றி வைத்திருந்தார். தூக்கிப் போடுகிற எதையும் தூக்கிப் போட விடாத மனுஷர்.

முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். மேலே, கீழே என்ற இரண்டு திசையைத் தவிர வேறு தெரியாத உத்தியோகம். நிஜ விமானத்தில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. ஓய்வு பெற்ற மறு மாதமே கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டைப் போட்டுக்கொண்டு கேப்டன் ஆகிவிட்டார். விளையாட்டு என்றால் சுடுவது, சண்டை போடுவது எல்லாம் கிடையாது. பனி மூடிய தீவுகளுக்கு மருந்துப் பெட்டியும் தபால் மூட்டையும் ஜெனரேட்டர் உதிரிபாகமும் கொண்டுபோய் இறக்குவார். கடலில் காணாமல் போன படகைத் தேடிப் போவார். வீட்டில் சர்க்கரை தீர்ந்து மூன்று நாளாகிறது, அதை வாங்கிவர ஆளில்லை, இல்லாத தீவுக்கு மட்டும் மூட்டை மூட்டையாகப் போகிறது என்று அவள் குத்திக்காட்டுவாள். அங்கே வேறு கடை இல்லையே என்பார் அவர், முகத்தைத் துளியும் மாற்றாமல்.

தேடிப் போவது மட்டும் அவருக்கு விளையாட்டில்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை எத்தனையோ தடவை வெளியே எடுத்தவர். கதவைத் திறக்க அரைமணி ஆனாலும் ஸ்பானரால் வெளியே தட்டிக்கொண்டே இருப்பாராம். உள்ளே இருப்பவனுக்கு வெளியே ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் போதும், பயப்படமாட்டான் என்று சொல்லுவார். எத்தனை தடவை சொன்னார் என்பதற்குக் கணக்கில்லை. அவளும் ஆமாம் ஆமாம் என்று சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பாள்.

இன்டர்நெட் வழியாக அவரோடு சேர்ந்து பறந்தவர்கள் ஆறு பேர், ஊருக்கு ஒருவர், யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. யார் எங்கே பறக்கிறார்கள் என்று நோட்டில் குறித்துவைப்பவள் ஒரு மருந்துக்கடைப் பெண். கட்டுப்பாட்டுக் கோபுரம் என்பது நீளமாக இருக்கிறதென்று அவளுக்குப் பேரே கோபுரம். பறக்கக் கிளம்பிய பிறகு பெட்ரோலைப் பார்க்கும் பஸ் டிரைவர் ஒருவர்; அவர் பேர் அவசரம். மாதம் ஒரு நாள் கேப்டன் இவர்களுக்குப் பரீட்சை வைப்பார். மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறேன், வயிறு சரியில்லை என்று ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திவிடுவார். மற்றவர்கள் வானமும் கடலும் அலசி, கண்ணால் பார்த்து அவரைக் கண்டுபிடிக்க வேண்டும். அன்றும் அதுதான் நடக்கிறது என்று நினைத்து, காலையிலிருந்து உற்சாகமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நாற்காலி போய்விட்டதால் அவள் நின்றபடியே வெறுங்காலால் மிதியை அழுத்தினாள். அந்தக் காரியம் மட்டும் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"கேப்டன் இல்லைங்க. அவர் வீட்டுக்காரம்மா பேசறேன்."

கொஞ்சம் பொறுத்து ஒரு பெண்குரல் தயங்கித் தயங்கிக் கேட்டது. "தலைமையகமா?"

"என்னது?"

"மன்னிச்சுக்குங்கம்மா. கேப்டன் உங்களை அப்படித்தான் சொல்லுவார். தலைமையகம் கூப்பிடுது, சோறு ஆறுது, நான் எறங்கறேன்னு. எங்களுக்கு உங்க பேரே தெரியாது."

நாலு வருஷமாகத் தனக்கு இப்படி ஒரு பட்டம் நடமாடுவது அவளுக்குத் தெரியாது. சிரிப்பு வந்துவிட்டது. முன்னறையில் அவரைப் போட்டுக்கொண்டு இங்கே சிரிப்பா என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அவர் காலையிலயே போயிட்டார்மா," என்றாள்.

"எங்க, தீவைத் தாண்டியா?" என்று குறுக்கே விழுந்தது அவசரம். "அதானே பார்த்தேன். நாங்க கிழக்குப் பக்கம் பூரா சலிச்சுட்டோம்."

போயிட்டார் என்றால் கிளம்பிப் பறந்துவிட்டார் என்றுதான் அவர்களுக்குப் பொருள். இன்னொரு வார்த்தைதான் சொல்லியாக வேண்டும். காலையிலிருந்து எல்லோருக்கும் போன் செய்து சொன்னவன் மகன். அவள் அந்த வார்த்தையை இன்னும் வாயால் சொல்லவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இறந்துட்டார். இந்த மேசையிலயே."

அங்கே விமானங்களின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு ஒருவர் ஐயோ என்றார், மிகவும் மெதுவாக.

அவர்கள் ஆறுதல் சொல்லத் தொடங்குவதற்குள் அவள் கேட்டுவிட்டாள். கடைசியாக அவர் என்ன பேசினார், எதையும் விடாமல் சொல்ல முடியுமா என்றாள். கோபுரம் நோட்டைப் புரட்டுவது கேட்டது.

"பத்து முப்பத்தெட்டு. உயரம் சரி, வேகம் சரி, சரக்கு சரி. கண்ணு கொஞ்சம் இருட்டற மாதிரி இருக்கு, மூடிக்கிட்டு உக்காந்திருக்கேன், தானா ஓடட்டும்னார்." குரல் உடைந்தது. "நாங்க சாக்குன்னு நெனச்சுட்டோம்மா. இந்த மாசம் கண்ணான்னு சிரிச்சோம். எல்லாரும் சிரிச்சோம்."

"அது பரவால்லம்மா. நீங்க என்ன கண்டீங்க?" என்றாள் அவள். "என்னைக் கூப்பிட்டாரா?"

"இல்ல. நான்தான் விளையாட்டுக்குச் சொன்னேன், கண்ணு இருட்டினா தலைமையகத்தைக் கூப்பிடுங்கன்னு."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"எழுதி வெச்சிருக்கேன். அப்படியே படிக்கறேன். 'வேணாம். மிஷின் சத்தம் கேட்டுட்டுத்தான் இருக்கு.' அதுதான் கடைசி."

கோபுரமே தொடர்ந்து சொன்னாள். அவர் மிதியை அழுத்தும்போதெல்லாம் அந்தச் சத்தமும் சேர்ந்து வருமாம். காது வலிக்கிறது, கதவைச் சாத்துங்கள் கேப்டன் என்று நூறு தடவை கெஞ்சியிருப்பார்களாம். எதற்கும் சரி சரி என்பவர், அதை மட்டும் கேட்டதே இல்லையாம்.

காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. மிதியிலிருந்து காலை எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை. மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டு சத்தம் போட்டே அழுதாள். ஆறு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் மூக்கைச் சிந்தி முடித்த பிறகு, திரையில் என்ன தெரிகிறது என்று கோபுரம் கேட்டாள். நீலம்தான் தெரிகிறது, மேலேயும் கீழேயும் நீலம் என்றாள் அவள். விமானம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் ஓட்டாமலேயே, அவர் குறித்துவைத்த திசையில், இறங்க வேண்டிய தீவைத் தாண்டிக் கடலுக்கு மேலே மூன்று மணிநேரமாகப் போய்க்கொண்டிருந்தது. கீழ்மூலையில் இருக்கும் எண்களைப் படிக்கச் சொன்னார்கள். துணி அளவு படிக்கும் கண்ணால் ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒன்றைத் தப்பாகப் படித்துவிட்டுத் திருத்தினாள். தேடிக்கொண்டிருந்தவர்களில் அருகில் இருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். அவசரம் பெட்ரோல் போட்டுக்கொண்டு பின்னாலேயே வருவதாகச் சொன்னது.

அவள் விரும்பினால் பக்கத்தில் இருப்பது போலச் சொல்லித்தந்து இறக்க வைக்கிறோம் என்றாள் கோபுரம். அணைக்க வேண்டுமானால் அணைத்துவிடலாம், அதுவும் தப்பில்லை. இப்படியே விட்டால் இன்னும் ஒன்றரை மணிநேரம் பறக்கும்.

"பறக்கட்டும்மா," என்றாள் அவள். "அதுல என்ன சரக்கு?"

"மருந்து. ரெண்டு பெட்டி."

"அதை நாளைக்கு நான் கொண்டுபோய்க் குடுத்துடறேன்மா. நீங்க கவலப்படாதீங்க," என்றது அவசரம். குரல் விளையாட்டாக இல்லை. அவளும் சரிப்பா என்று, நிஜமாகவே ஒரு கவலை விட்ட மாதிரி சொன்னாள்.

சற்று நேரத்தில் திரையின் இடப்பக்கம் ஒரு விமானம் வந்து சேர்ந்தது. பிறகு வலப்பக்கம் ஒன்று. கேப்டனுடையது மெதுவாகப் போகும் பழைய சரக்கு விமானம், அவர்களுடையது வேகமானது. வேகத்தைக் குறைத்துக்கொண்டு, முந்தாமல், கூடவே வந்தார்கள்.

மகன் அறை வாசலில் வந்து நின்றான். நாலு மணிக்கு வண்டி வந்துவிடும், இதை அணைத்துவிடட்டுமா என்று கேட்டான். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அவள் முன்னறைக்குப் போனாள். இந்தத் தடவை கால்மாட்டுக்குப் போகவில்லை. தலைமாட்டில் இருந்த நாத்தனார் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்து அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பிள்ளை நல்ல சட்டையாகத்தான் தேடிப் போட்டுவிட்டிருந்தான், ஆனால் காலரில் அவள் மிஷின் நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வழக்கம்போல எடுத்துவிடக் கை போயிற்று. தொட்டுப் பார்த்தாள். அது அங்கேயே இருக்கும்படி காலரைச் சரிசெய்துவிட்டாள்.