நின்றபடி தூக்க

"கையெழுத்துப் போட்டுட்டு நீ பாட்டுக்குப் படுத்துக்குவ. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா புள்ளைக்கு நான் என்ன பதில் சொல்றது?" மருந்துக்கடையில் வேலை பார்க்கும் கணவன் ஆஸ்பத்திரிக் காகிதத்தை மனைவியின் முன்னால் மேசைமேல் வீசினான்.

"தலையில கத்தி வெக்கணுமாம்! ஏதோ வருது, விழறா, எழுந்துக்கறா. அப்படியே போகட்டுமே" என்றாள் மாமியார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

மருமகளுக்கு மாதம் நாலைந்து முறை வலிப்பு வரும். குழந்தை பிறந்தபோது, "தரையில உக்காந்து பால் குடுங்க, பக்கத்துல யாராவது இருக்கட்டும்" என்றார் டாக்டர். நல்ல யோசனைதான். அந்த வீட்டில் அது சட்டமாகிவிட்டது. அவள் தரையில் உட்கார்ந்தால்தான் மாமியார் குழந்தையை மடியில் வைப்பாள். பால் குடித்ததும் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். பெற்றவள் ஒருநாள்கூடக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததில்லை.

எந்த மருந்துக்கும் வலிப்பு அடங்கவில்லை. மூளையில் அது கிளம்பும் இடத்தை எடுத்துவிடலாம், சில சொற்கள் மறந்துபோகலாம் என்றார் டாக்டர்.

"எம் புள்ளைய நின்னுக்கிட்டுத் தூக்கணும் டாக்டர்" என்று சொல்லி, அவளே கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காதுக்கு மேலே வளைந்த தழும்பு ஒன்று. 'கரண்டி' என்ற சொல் வாயில் வராமல் கையால் காட்டுவாள். ஒன்றரை வருடமாக வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. டாக்டர் மாத்திரையைக்கூடக் குறைத்தார். மாமியார் சட்டத்தைக் குறைக்கவில்லை. மண்டையைத் திறந்து பார்த்தவர் சொன்னால் போதுமா? இவள் பார்க்கவில்லையே!

"இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோயேன். அம்மா பயப்படறாங்க" என்பான் கணவன். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அவன் சொன்னதே இல்லை.

ஒரு மத்தியானம் மாமியார் துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். இரண்டரை வயதுக் குழந்தை வாசலில் தடுக்கி விழுந்தது. மருமகள் ஓடிப்போய் வாரி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். அம்மாடி, என்ன கனம்! இத்தனை நாளும் இது தெரியாமலே போயிற்றே!

குழந்தை முழங்கால் ரத்தத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வீறிட்டது. இரண்டு கையாலும் தாயின் தோளைத் தள்ளியது.

"உக்காரு! அம்மா, கீழ உக்காரு! விழுந்துடுவ! பாட்டீ!"

"அம்மாவுக்கு சரியாயிடுச்சுடா கண்ணு. விழமாட்டேன்."

"உக்காரு!" இடுப்பிலிருந்து நழுவிக் கீழே இறங்கப் பார்த்தது.

மாமியார் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "குழந்தைக்குக்கூடத் தெரியுது" என்றாள்.

மருமகள் தரையில் உட்கார்ந்தாள். அழுகை உடனே நின்றது. குழந்தை மடியில் சாய்ந்துகொண்டு புறங்கையால் மூக்கைத் துடைத்தது.

"சமத்து அம்மா" என்று அவள் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தது.