சொல்லிக்கொண்டு போனவள்

களைத்துப்போனால் எனக்கு வாய் நீளும். தாதி வேலைக்கு அது ஆகாது. அதனால் எனக்கென்று ஒரு குட்டி ஜெபம் வைத்திருக்கிறேன்: "ஆண்டவரே, எனக்கு ஏலாது. நீர் என்ரை வாயைப் பாத்துக்கொள்ளும்." முழங்காலில் நிற்கத் தேவையில்லை. பஸ்ஸில் தொங்கிக்கொண்டும் சொல்லலாம்.

அன்று காலை, இரவு வேலை முடிந்து நெல்லியடியில் இறங்கும்போதே இரண்டு தரம் சொல்லியாயிற்று. மிச்சக் காசு தராத கொண்டக்டருக்காக ஒருதரம், என் காலை மிதித்த மனிதருக்காக ஒருதரம். பெரிய ஜெபம் இனித்தான் தேவைப்பட்டது. பக்கத்து வீட்டுத் தம்பிஐயா அண்ணை முதல்நாள் எங்கள் வார்ட்டில்தான் மாரடைப்பில் செத்துப்போனார். பின்னேரம் சுடலைக்கு எடுக்கிறார்கள்.

அவர் மனைவி கனகாம்பிகை அக்காவை நோகடித்துவிடக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் பயம். சைவக்காரர் மட்டும் குடியிருந்த ஒழுங்கைக்கு ஒற்றை வேதக்காரியாகக் குடிவந்த என்னை முதலில் வீட்டுக்குள் கூப்பிட்டவர் அவர்தான். டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி காய்ச்சித் தந்தவரும் அவர்தான்.

உடுப்பை மாற்றிக்கொண்டு போய், பெண்களோடு நிலத்தில் இருந்தேன். அண்ணையின் தங்கை என்னைப் பார்த்து, உங்கடை ஆக்கள் கொஞ்சம் கவனிச்சிருந்தால் மனிசன் பிழைச்சிருக்கும் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். அண்ணை டொக்டர் எழுதிக் குடுத்த குளிசையை ஒரு மாதமாகப் போடவேயில்லை. சொல்லியிருக்கலாம். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். என் ஜெபத்தைச் சொன்னேன். வாயை மூடிக்கொண்டேன்.

பறை முழங்க ஆண்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் ஒவ்வொருவராக எழும்பிப் பேசாமல் போனார்கள். எனக்குக் கண் சொருகியது. நானும் எழும்பினேன். எந்த வீட்டை விட்டு வெளிக்கிடும்போதும் சொல்வது வாயில் தானாக வந்தது.

"போட்டு வாறன் அக்கா."

செத்த வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. சொன்னால், இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். வேதக்காரர் வீட்டிலும் அதே கதைதான். எனக்குத் தெரியாததல்ல. அண்ணையின் தங்கை என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார். நான் வெட்கத்தில் செத்தேன். வாயைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேனே என்று ஆண்டவரோடும் கோபம் வந்தது.

"அவளை விடு," என்றார் அக்கா. அழுதழுது குரல் அடைத்துப்போயிருந்தது. "எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிய எல்லாரும் போயிடுவினம். பிள்ளையுமில்லை, குட்டியுமில்லை. பிறகு இந்த வீட்டுக்கு ஆர் வரப்போயினம்? ஜெசிதா, நீ சொல்லிப்போட்டாய். கட்டாயம் வரவேணும்."

"ஓம் அக்கா," என்றேன்.

படலையைத் தாண்டி ஒழுங்கையில் நின்றேன். விடிந்ததிலிருந்து எத்தனை ஜெபம் சொல்லியிருப்பேன். எல்லாம் என் களைப்புக்கும் என் வாய்க்கும்தான். இனி அந்த வீட்டில் தனியே இருக்கப் போகிற மனுசிக்காக ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. கனகாம்பிகை என்று பெயரைச் சொல்லி ஜெபிக்கத் தொடங்கினேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.