அரம் பட்ட போல்ட்

“போல்ட்டைச் சரியாகப் பூட்டாமல் சுட்டதே விபத்துக்குக் காரணம்.” விசாரணை அறிக்கையில் இருந்த இந்த ஒரு வரியால் ஒரு காவலரின் வேலை போகவிருந்தது. மூன்று வாரங்களுக்கு முன் பயிற்சித் திடலில் அவருடைய துப்பாக்கிக்குள் தோட்டாவின் உறை கிழிந்து, தோட்டாப் பெட்டி கீழ்ப்பக்கமாகப் பிய்த்துக்கொண்டு போய், அவர் இடது உள்ளங்கையைக் குதறியிருந்தது.

அதில் அவரிடம் கையெழுத்து வாங்க, விசாரணை அதிகாரி அவரையும் கூட்டிக்கொண்டு ஆயுதப் பட்டறைக்கே வந்திருந்தார். விபத்து நடந்த துப்பாக்கி மேசையில் கிடந்தது. பட்டறை மெக்கானிக் அறிக்கையை இரண்டு முறை படித்தாள்.

“இந்தத் துப்பாக்கியில பூட்டே கிடையாது சார். இல்லாத பூட்டை எங்க அத்தான் எப்படிப் பூட்டுவார்?”

“அவர் உங்க அக்கா வீட்டுக்காரர். நீங்க அப்படித்தான் பேசுவீங்க.”

“இரும்புக்கு அக்காவும் கிடையாது, அத்தானும் கிடையாது. பிரிச்சுக் காட்டறேன், நீங்களே பாருங்க.”

தோட்டா அறை காலியா என்று விரலை விட்டுப் பார்த்தாள். பின்கட்டையைப் பிடித்திருந்த இரண்டு ஊசிகளைத் தட்டி உருவினாள். கட்டை, சுருள்வில்லோடு பின்பக்கம் வந்தது. விசைப்பகுதியைக் கழற்றி வைத்துவிட்டு, கைப்பிடியைப் பின்னால் இழுத்ததும், தோட்டாவைப் பின்னாலிருந்து தாங்கும் எஃகுத் துண்டான போல்ட் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அதன் தலையைக் கால் வட்டம் திருப்பி இழுத்தாள், தனியாக வந்தது. தலையின் இரு பக்கமும் சுண்டுவிரல் நகம் அளவில் இரண்டு எஃகு உருளைகள். உள்ளிருந்து ஓர் ஆப்பை எடுத்து மேசையில் வைத்தாள்.

கோபத்தில் காது சிவந்திருந்தாலும், விளக்கத் தொடங்கியதும் அவள் குரல் நிதானத்துக்கு வந்துவிட்டது.

“தோட்டா வெடிச்சதும் உறை போல்ட்டைப் பின்னால தள்ளும். குண்டு குழாயை விட்டுப் போறதுக்குள்ள போல்ட் திறந்துடக் கூடாது. சிலதுல அதைப் பூட்டியே வெச்சிருப்பாங்க. இதுல பூட்டலை, தாமதப்படுத்தறாங்க. இந்த ஆப்பு ரெண்டு உருளையையும் வெளியே விரிச்சுப் பக்கவாட்டுக் குழியில உட்கார வைக்கும். தலை பின்னால வரணும்னா உருளை உள்ளே அடங்கணும். உருளை அடங்கணும்னா ஆப்பு விலகணும். ஈர விதையை ரெண்டு விரலால அழுத்தினா தெறிக்குது பாருங்க, அப்படி ஆப்பும் அதுக்குப் பின்னால இருக்கிற கனமான பாகமும் வேகமாப் பின்னால ஓடணும். அந்தக் கனத்தை ஓட வைக்கற நேரம்தான் நமக்குக் கிடைக்கற தாமதம். கண் சிமிட்டறதுல நூத்துல ஒரு பங்கு கூட வராது. ஆனா அது போதும்.”

“அப்புறம் ஏன் இது போதலை?”

“உருளை தேஞ்சா ஆப்பு இடம் தாண்டி உள்ளே போயிடும். தலைக்கும் பின்பாகத்துக்கும் நடுவுல இருக்க வேண்டிய இடைவெளி மறைஞ்சிடும். அப்போ போல்ட் முன்னாடியே திறந்து உறை கிழியும். இடைவெளியை அளக்கற கேஜ் தகடு அங்க நுழையலைன்னா கொஞ்சம் பெரிய உருளை மாத்தணும்.”

“இதுல தகடு நுழைஞ்சுதே,” என்றார் ஓரமாக நின்றிருந்த சோதனைப் பிரிவுக்காரர். எதைக் கொடுத்தாலும் தேறிவிட்டது என்று முத்திரை குத்துவதால் பட்டறையில் அவருக்குப் ‘பாஸ்மார்க்’ என்று பெயர்.

அவள் போல்ட் தலையின் பின்முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். குறுக்கே மெல்லிய அரக் கோடுகள்.

“நுழையத்தான் செய்யும். பின்னால ராவி விட்டா இடைவெளி தெரியாம எங்க போகும்? உருளை தேஞ்சது தேஞ்சபடியேதான் இருக்கு. காய்ச்சல்காரனை விட்டுட்டுத் தெர்மாமீட்டருக்கு வைத்தியம் பண்ணியிருக்கீங்க.”

பாஸ்மார்க் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார். “பெரிய உருளை கேட்டு நாலு தடவை எழுதினேம்மா. வரலை. துப்பாக்கி மட்டும் உடனே வேணும்னாங்க.”

“வரலைன்னா ஓரமா வெச்சிருக்கணும். அரத்தை எடுத்தது யாரு சொல்லி?”

அதிகாரி குறுக்கிட்டார்.

“சரி, எதுக்கு வளர்க்கணும்? ‘இயந்திரக் கோளாறு’ன்னு மாத்தி எழுதிடறேன். உங்க அத்தான் வேலை தப்பிச்சது.”

அத்தான் உடனே பேனாவை எடுத்தார். “அது போதும் சார்.”

“போதாது அத்தான். கோளாறு தானா வந்து அரத்தைப் பிடிக்கலை.”

“எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கும்மா. விட்டுடு.”

“இதே முத்திரையோட ரேக்ல முப்பத்தொண்ணு நிக்குது. நாளைக்குக் காலையில முப்பத்தொரு பேர் எடுத்துட்டுப் போவாங்க. அவங்களுக்கெல்லாம் பிள்ளைங்க இல்லையா?”

அத்தான் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். புண்ணில் சீழ் வாடை இன்னும் போகவில்லை. பேனாவை மூடி, கையெழுத்திடாத தாளின் மேல் வைத்தார்.

“அடுத்ததை எடு. கட்டையை நான் பிடிச்சுக்கறேன்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் கொண்டுவந்த துப்பாக்கியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டார். அவள் ஊசியைத் தட்டினாள். அந்தத் தலையிலும் கோடுகள். மூன்றாவதில் இல்லை. நான்காவதிலும் ஐந்தாவதிலும் இருந்தன.

ஆறாவதைப் பிரிப்பதற்குள் அதிகாரி தொலைபேசியை எடுத்துவிட்டார். “நாளைக்குப் பயிற்சியை நிறுத்துங்க. ஆமா, எல்லாருக்கும்தான். காரணமா?” மேசையில் வரிசையாகக் கிடந்த போல்ட் தலைகளைப் பார்த்தார். பிறகு பாஸ்மார்க்கைப் பார்த்து, தாளையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினார். “அதை இவர் எழுதித் தருவார், பேரோட.”