ஆறு பேருக்கு ஒரு மேசை

எங்கள் வீட்டு ஆட்கள் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இடம் தேடியதைப் பார்த்திருந்தால், ஏதோ பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பீர்கள். இது குள்ளம், அது கறுப்பு, இதற்கு வழுக்கை, அதற்கு வாய் அதிகம். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவ்வளவு மெனக்கெடவில்லை. நாலு இடம் பார்த்தார்கள், அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். நாற்பத்தொரு வயதில் நான் தனியாள். வீட்டில் நடு உருப்படி. மேலே அண்ணன், கீழே தங்கை.

தீம் பார்க் யோசனை அண்ணியுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அண்ணனுடைய இரண்டும் தங்கையுடைய இரண்டும் சேர்ந்து சோபாவைக் கவிழ்த்துப் போட்டுக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தன. அண்ணி நெற்றியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"இந்தத் தடவை பிள்ளைங்க வேண்டாம். பெரியவங்க மட்டும் போவோம். ஒரு நாளாவது மனுஷங்களா இருந்துட்டு வருவோம்."

மனுஷங்களாக இருப்பதற்குத் தீம் பார்க்குக்குப் போக வேண்டும் என்று எந்தப் புத்தகத்தில் படித்தாளோ தெரியவில்லை. ஆனால் சொல்லி முடிப்பதற்குள் தங்கை குதித்துவிட்டாள். அண்ணன் மடிக்கணினியைத் திறந்துவிட்டான். அப்பா எப்போதும்போல "உங்க இஷ்டம்" என்றார். அம்மா மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "அங்க ரொம்ப நடக்கணுமா?"

"நாள் பூரா நடக்கணும் அத்தை," என்றாள் அண்ணி. அம்மா தன் தேய்ந்த செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

அந்தப் பூங்காவுக்குள் சாப்பிடுவதற்கென்றே ஐந்து விசேஷ இடங்கள் இருந்தன. சாதாரண இடத்தில் சாப்பிட்டால் நம் கௌரவம் என்னாவது? கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் சுறா நீந்தும் உணவகம் ஒன்று. "மீன் நம்மளப் பாத்துக்கிட்டு இருக்கும்போது எப்படிங்க மீன் சாப்பிடறது?" என்று தங்கை கண்ணைக் கசக்கினாள். ஆனால் வீட்டில் அவளுக்கு நடுத்துண்டுதான் வேண்டும். கும்மிருட்டில் உட்கார வைத்துப் பரிமாறும் உணவகம் இன்னொன்று. "இருட்டுல சாப்பிட்டா போட்டோ எப்படி எடுக்கிறது?" என்றாள் அண்ணி. நியாயம்தான். போட்டோ இல்லாத சோறு அண்ணிக்குச் செரிக்காது. மரத்தின் மேல் ஒன்று. அப்பாவின் முழங்கால் அதைத் தள்ளுபடி செய்தது. கொள்ளைக்காரர் கப்பல் ஒன்று. அங்கே பணியாளர்கள் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பரிமாறுவார்களாம்.

தங்கையின் புருஷன் ஒவ்வொன்றுக்கும் யார் யாரோ எழுதிப்போட்ட கருத்துகளைக் கைப்பேசியில் வாசித்துக் காட்டினார். இவருக்குச் சொந்தமாக நாக்கு கிடையாது. ஊரார் நாக்கில்தான் ருசி பார்ப்பார். "சூப் ஆறிப்போய் இருந்ததுன்னு ஒருத்தர் எழுதியிருக்கார்," என்று அவர் சொன்னதும் அத்தனை பேரும், ஏதோ தாங்களே ஆறின சூப்பைக் குடித்துவிட்டதுபோல, முகத்தைச் சுளித்தார்கள்.

கடைசியில் கோபுர உணவகம் ஜெயித்தது. பூங்காவின் நடுவில் நாற்பது மாடி உயரத்தில் மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்கும் கூண்டு. பதினெட்டு வயதுக்குக் கீழே யாரையும் உள்ளே விடமாட்டார்கள். "நமக்குன்னே கட்டி வச்ச மாதிரி இருக்கு," என்றான் அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"நீதான இந்த வேலையிலயே இருக்க. நீயே இடம் போட்டுடு."

நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன். ஒரு பெரிய ஹோட்டலில் பத்தொன்பது வருஷமாக மேசை முன்பதிவு செய்கிறேன். காலை எட்டு மணிக்குக் காதில் ஹெட்போனை மாட்டினால் நாலு மணிக்குத்தான் கழற்றுவேன். இதில் ஒன்று கற்றுக்கொண்டேன். எத்தனை பேர் என்று கேட்டால் ஒருத்தரும் சரியாகச் சொல்லமாட்டார்கள். ஐந்து என்பார்கள், ஆறு பேராக வந்து நிற்பார்கள். கூப்பிடுகிற ஆள் தன்னையே விட்டுவிட்டு எண்ணியிருப்பார். அதனால் நான் எண்ணிக்கையைக் கேட்பதில்லை. "யார் யார் வர்றீங்கன்னு சொல்லுங்க, நான் எண்ணிக்கறேன்" என்பேன். எங்கள் பிரிவில் புதிதாக வருகிறவர்களுக்கும் முதல் நாள் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். இதுவரை என் கணக்கு ஒரு நாற்காலிகூடத் தப்பியதில்லை.

முன்பதிவு ஒரு மாதத்துக்கு முன்னால், காலை பத்து மணிக்குத் திறக்கும். அன்றைக்கு ஒன்பதரை மணிக்கு ஓய்வறையிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். வழக்கம்போல ஆள் ஆளாகச் சொல்லச் சொன்னேன்.

"அப்பா, நான், அண்ணன், அண்ணி, தங்கச்சி, மாப்பிள்ளை. அவ்வளவுதான். எல்லாரும் வந்தாச்சு," என்றாள்.

நான் காத்திருந்தேன். பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ பேர் இந்த இடத்தில் ஒரு நொடி நின்று, "ஐயோ, இன்னொருத்தரை விட்டுட்டேனே" என்று சிரித்திருக்கிறார்கள். அம்மா சிரிக்கவில்லை.

"பிள்ளைங்கள யாரு பாத்துக்கறது?" என்று கேட்டேன்.

"அதான் நீ இருக்கியே," என்றாள். உப்பு எங்கே என்று கேட்டதற்குப் பதில் சொல்கிற குரல். "அண்ணி அன்னிக்கே சொன்னாளே. உனக்கென்ன, தனியாள். அன்னிக்கு ஒரு நாள் லீவு போட்டுடு."

யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. சுறா வேண்டாம், கப்பல் வேண்டாம் என்று மூன்று மணி நேரம் நானும் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரியவர்கள் மட்டும் என்றார்களே, அதில் நான் இல்லை. சின்னவர்களோடு கப்பல் விடவும் எனக்கு வயதில்லை. இடம் போட ஆள், பிள்ளை பார்க்க ஆள். நல்ல இளிச்சவாய் கிடைத்தேன் இவர்களுக்கு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த மேசையில் எனக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. சாப்பாட்டுக்காக இல்லை. என்னையும் சேர்த்து எண்ண வேண்டும், அவ்வளவுதான்.

பத்து மணிக்குக் கோபுர உணவகத்தின் பக்கத்தைத் திறந்தேன். நிபந்தனைகளை ஒருத்தரும் படிக்கமாட்டார்கள். எனக்கு அதுதான் பிழைப்பு. ஒரு மேசைக்கு ஆறு பேர், அதற்கு மேல் கிடையாது. பதிவு செய்தவர் அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டும். வராவிட்டால் மேசை ரத்து. பெயர் மாற்ற முடியாது. இதை இரண்டு தரம் படித்தேன். பிறகு ஜன்னலோர மேசை, ஆறு பேர் என்று போட்டு, பதிவு செய்பவர் பெயர் என்ற கட்டத்தில் என் பெயரை நிறுத்தி நிதானமாக அடித்தேன்.

மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. அந்த மூன்று வாரமும் எனக்குத் திருவிழாதான். விஷயம் வெளியே வந்ததும் அண்ணியும் தங்கையும் எப்படி முட்டிக்கொள்வார்கள் என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஓட்டிப் பார்த்துக்கொள்வேன். உன் பிள்ளைகளை நீ பார், உன் பிள்ளைகளை நீ பார் என்று இருவரும் மாற்றி மாற்றிக் கத்துவார்கள். அண்ணன் நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பான். தங்கை புருஷன் இதற்கு எத்தனை நட்சத்திரம் என்று கைப்பேசியில் தேடுவார்.

இதற்கு நடுவில் அம்மா ஷூ வாங்கினாள். வாழ்நாளில் முதல் தடவை. சாம்பல் நிறம், நீல நாடா. புது ஷூ கடிக்கும் என்று கடைக்காரர் சொன்னாராம். அதனால் தினமும் சாயங்காலம் அதைப் போட்டுக்கொண்டு, அவளும் அப்பாவும் இருக்கும் ஒன்பதாவது மாடி வீட்டின் நடைபாதையில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் முப்பது தரம் நடந்தாள். பக்கத்து வீட்டுக்காரி கதவைத் திறந்து பார்த்தாளாம். "தீம் பார்க்குக்குப் போறோம்" என்று அவளிடமும் சொல்லிவிட்டாள். எனக்கு இதையெல்லாம் போனில் சொன்னபோது, "ம், ம்" என்றேன். அவள் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், அதே கூடத்தில், அதே சோபாவில் உட்கார்ந்து சொன்னேன். "ஒரு சின்னச் சிக்கல். மேசை என் பேர்ல இருக்கு. நான் நேர்ல வரலைன்னா உள்ள விடமாட்டாங்க."

அண்ணன் மடிக்கணினியை இழுத்து வைத்துப் படித்தான். முகம் சுண்டிப்போனது. "பேர மாத்த முடியாதா?"

"முடியாது."

"இன்னொரு நாற்காலி போடச் சொல்லேன்."

"தரையோட திருகி வச்ச நாற்காலிண்ணே."

"ரத்து பண்ணிட்டு மறுபடியும் போட்டா?" என்று தங்கை கேட்டாள்.

"நமக்கு முன்னால எண்பது பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. போட்டுப் பாரு."

நான் சோபாவில் நன்றாகச் சாய்ந்து வசதியாக உட்கார்ந்துகொண்டேன். அண்ணி நகத்தைப் பார்த்தாள். தங்கை புருஷனைப் பார்த்தாள். புருஷன் கைப்பேசியைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார். பிறகு, யாரோ சொல்லிவைத்ததுபோல, ஒவ்வொரு முகமாக ஒரே பக்கம் திரும்பியது.

"அத்தைக்கு உயரம் ஒத்துக்காதே," என்றாள் அண்ணி.

முப்பது வருஷமாக ஒன்பதாவது மாடிப் பால்கனியில் எட்டி நின்று துணி காயப்போடுகிறவள் என் அம்மா. ஒருத்தருக்கும் அது ஞாபகம் வரவில்லை, அல்லது வந்தும் வரவில்லை.

"ஆமா," என்றாள் அம்மா. "எனக்கு எதுக்கு அதெல்லாம். மேல போனா தலை சுத்தும். நான் பிள்ளைங்களோட இருந்துக்கறேன்."

"பாத்தியா, அம்மாவே சொல்லிட்டாங்க," என்றான் அண்ணன். அப்பா தொண்டையைச் செருமினார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "உங்க இஷ்டம்" என்றார். மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சுறாவுக்கே இதைவிட அதிக நேரம் யோசித்தார்கள்.

தூ என்று இருந்தது எனக்கு. ஆனால் அதைவிட ஒன்று உறைத்தது. மூன்று வாரமாக அந்தச் சண்டையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேனே, அதில் அண்ணி இருந்தாள், தங்கை இருந்தாள், அண்ணன் இருந்தான். அம்மா எங்கேயும் இல்லை. ஆள் ஆளாகச் சொல்லுங்கள் என்று ஊருக்கே பாடம் எடுக்கிறவள், என் கணக்கில் ஓர் ஆளை விட்டிருந்தேன். அப்போதே நான் வாயைத் திறந்திருக்கலாம். நீ போ அம்மா, நான் வரவில்லை, மேசையே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எந்த இடத்துக்காவது போய் ஆறின சூப்பைக் குடிக்கட்டும் என்று மொத்தமாக ரத்து செய்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நாற்காலி கிடைத்துவிட்டதே. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

போகிற அன்று காலையில் அம்மா அண்ணன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு பிள்ளைகளின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். என் காலைப் பார்த்தாள்.

"இந்தச் செருப்பைப் போட்டுக்கிட்டு நாள் பூரா எப்படி நடப்ப? இரு," என்று உள்ளே போய்த் தன் பையிலிருந்து அந்தச் சாம்பல் ஷூவை எடுத்துவந்தாள். "உனக்கும் எனக்கும் ஒரே அளவுதான். வீட்டுல சும்மாதான கிடக்கப்போவுது."

வேண்டாம் என்றேன். குனிந்து அவளே நாடாவைத் தளர்த்தி என் காலடியில் வைத்தாள். அண்ணன் காரிலிருந்து ஹாரன் அடித்தான். போட்டுக்கொண்டேன்.

நாற்பதாவது மாடியில் லிப்ட் திறந்ததும், காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு பெண் நின்றிருந்தாள். என் அடையாள அட்டையைப் பார்த்துத் தலையாட்டினாள். "ஆறு பேர், ஜன்னலோரம். எல்லாரும் வந்துட்டீங்களா?"

அண்ணன் விரலை நீட்டி எண்ணினான். "அப்பா, நான், இவ, தங்கச்சி, மாப்பிள்ளை." விரல் என்னிடம் வந்தது. "அப்புறம் இவ. அவ்வளவுதான். எல்லாரும் வந்தாச்சு."

என்னை எண்ணிவிட்டார்கள். இதற்குத்தானே இவ்வளவும் செய்தேன். அந்தப் பெண் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் தொழிலில் ஒரு நொடி காத்திருப்போம், யாராவது தப்பை ஒத்துக்கொள்வார்களா என்று. அப்பாவைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். இவர்களை இத்தனை நாள் எவ்வளவு கேவலமாக நினைத்திருந்தேனோ, அதில் ஒரு பங்கும் குறையாமல் அன்றைக்கு என்னையே நினைத்தேன்.

கூண்டு மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணி தட்டை அப்படியும் இப்படியும் திருப்பிப் படம் எடுத்தாள். தங்கை புருஷன் ஜன்னல் கண்ணாடியில் விரல் ரேகை இருப்பதாக ஒருத்தர் எழுதியிருந்ததை வாசித்தார். சூப் சூடாகத்தான் இருந்தது. அப்போது என் கைப்பேசி அடித்தது. அம்மா. பின்னால் நாலு பிள்ளைகளும் கப்பல் விடுகிற சத்தம்.

"ஜன்னல் பக்கம் கிடைச்சுதா?" என்று கேட்டாள்.

"கிடைச்சுதும்மா."

"ரொம்ப உயரமா?"

"உயரந்தான். ஆனா தலையெல்லாம் சுத்தலம்மா."

அந்தப் பக்கம் பிள்ளைகளில் ஒன்று எதற்கோ அழுதது.

"ஷூ கடிக்கலையே?"

"இல்லம்மா," என்றேன். கடிக்கவில்லை. முப்பது முப்பது தரமாக நடந்து அவள்தான் அதைப் பதமாக்கி வைத்திருந்தாளே.