திங்கட்கிழமைக் கூட்டு

சமைத்தது எது இருந்தாலும் எடுத்துக் கொட்டிவிட வேண்டும் என்று பக்கத்து வீட்டு மாரியாயி சொன்னதும் ரங்கநாயகி முதலில் சோற்றுப் பானையைத் தூக்கினாள். சாவு விழுந்த வீட்டில் சமைத்த சோறும் பிடித்துவைத்த தண்ணீரும் இருக்கக் கூடாது. கூடத்தில் அவளுடைய மாமியார் வெள்ளையம்மாளைத் தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருந்தார்கள். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, தாடைக்கு ஒரு துணி சுற்றியிருந்தது. விடிவதற்குச் சற்று முன்னால்தான் உயிர் போயிருந்தது.

பானையில் நேற்றைய சோறு தண்ணீரில் ஊறிக் கிடந்தது. கொல்லைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வந்தாள். அடுத்து மோர்ச்சட்டி. உறியில் ஒரு கிண்ணம் இருந்தது. திறந்தால் பாதித் தோசை. அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு டம்ளரில் நேற்று முன்தினத்து ரசம். அம்மிக்குப் பக்கத்தில் கொட்டாங்கச்சியில் நாலு வாய் உப்புமா. எல்லாம் அத்தை தனக்கென்று எடுத்துவைத்தவை. இத்தனை இடங்களில் இத்தனை சின்னப் பாத்திரங்கள் ஒளிந்திருப்பது இரண்டு வருஷமாக அந்த அடுப்படியில் சமைக்கிறவளுக்கே தெரியாது.

கடைசியில் அந்தப் பித்தளைச் சட்டி. அடியில் இரண்டு கரண்டி பூசணிக் கூட்டு மிச்சமிருந்தது. மாரியாயி அதை வாங்கி மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இது என்னிக்கு வெச்சது?"

"நேத்துக் காலையிலக்கா."

மாரியாயி அவளை ஒரு கணம் பார்த்தாள். அடைமழைக் குளிரில் ஒரே நாளில் இப்படி ஊசிப்போகுமா என்று கேட்கவில்லை. கொட்டிவிட்டுச் சட்டியைச் சாம்பல் போட்டு நன்றாகத் தேய் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போனாள்.

கொல்லைக் கதவருகே மாமனார் ரத்தினவேல் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பாத்திரமும் அவரைக் கடந்துதான் போயிற்று. அந்த வீட்டில் சோறு சாக்கடைக்குப் போய் அவர் சும்மா இருந்தது அன்றைக்குத்தான்.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்திரண்டு வருஷம் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். காலையில் வைத்த குழம்பை ராத்திரி தொடமாட்டார். ஆறிய சோற்றைச் சுடவைத்துப் போட்டால் வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்பார். அதே மனுஷர் காலையில் எழுந்ததும் கொல்லைச் சாக்கடையைக் குனிந்து பார்ப்பார். நாலு பருக்கை தென்பட்டால் பெண்கள் இருவரையும் அழைத்துவந்து காட்டுவார். திட்டமாட்டார். காட்டிவிட்டு நிற்பார். திட்டினால் தேவலை என்றிருக்கும்.

அதற்குக் காரணம் உண்டு என்று அத்தை ஒருமுறை அரிசி களைந்துகொண்டே சொல்லியிருந்தாள். அவருடைய அம்மா ஸ்ரீரங்கத்தில் ஒரு பெரிய வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். அந்த வீட்டில் மீந்துபோனதை எல்லாம், சாம்பார், ரசம், பாயசம் என்று பார்க்காமல், ஒரே வாளியில் கொட்டிக் கொல்லை வாசல் வழியாகக் கொடுப்பார்கள். பன்னிரண்டு வயது வரைக்கும் அவருக்கு அதுதான் சாப்பாடு. வேலையில் சேர்ந்த அன்று, இனி மிச்சம் என்று ஒன்றைக் கையால் தொடுவதில்லை என்று மலைக்கோட்டைப் பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்தாராம். ஆனால் அந்த வாளிகூட வராத நாட்கள் இருந்தன. அந்தப் பசியும் மறக்கவில்லை. சோற்றைக் கொட்டுவதைப் பார்த்தால் அவருக்குத் தாங்காது.

இரண்டுமே மெய்யான வைராக்கியம்தான். ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு வயிறு தேவைப்பட்டது. முப்பத்தைந்து வருஷமாக அது வெள்ளையம்மாளின் வயிறாக இருந்தது.

கல்யாணமாகி வந்த புதிதில் ரங்கநாயகி அளந்து அளந்து சமைத்தாள். மீந்தால் பாதியைத் தன் தட்டில் போட்டுக்கொள்ளப் பார்ப்பாள். அத்தை கையைப் பிடித்துவிடுவாள். சின்னப் பெண், நீ சூடாகச் சாப்பிடு என்பாள். நாலைந்து மாதம் கேட்டுப்பார்த்தாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். கை தாராளமாகப் போய் ஒரு பிடி அரிசி கூட விழுந்தால், அத்தை இருக்கிறாளே என்று மனசு தானாகச் சொல்லிக்கொண்டது.

அந்த வருஷம் எல்லைச் சண்டையும் பஞ்சமுமாகப் போன வருஷம். அரிசி ரேஷனில்தான். திங்கட்கிழமை ராத்திரி ஆளுக்கு ஒரு வேளை சாப்பாட்டை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று டெல்லியிலிருந்து கேட்டிருந்தார்கள். போன திங்கட்கிழமை மாலை ரத்தினவேலும் ரங்கநாயகியின் கணவன் வீரமலையும் புத்தூரில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போய்க் கைதூக்கிவிட்டு வந்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்தபோது சோறு வடித்து, தேங்காய் அரைத்துவிட்ட பூசணிக் கூட்டும் இறக்கியாகிவிட்டது. இன்று முதல் திங்கள் ராத்திரி இந்த வீட்டில் ஆண்கள் சாப்பிடமாட்டோம் என்று ரத்தினவேல் வாசலில் நின்று சொன்னார். எதிர்வீட்டுக்காரர்கள் கூட வந்து பாராட்டிவிட்டுப் போனார்கள்.

இரண்டு பேர் விட்டுக்கொடுத்த சாப்பாட்டை அத்தை திங்கள் ராத்திரி கொஞ்சம் சாப்பிட்டாள். செவ்வாய்க்கிழமை இரண்டு வேளையும் அதுதான். கூட்டைச் சூடுபண்ணிச் சூடுபண்ணி வைத்தாள்.

புதன்கிழமை மத்தியானம் ரங்கநாயகி சட்டியைத் திறந்தபோது கூட்டு நுரைத்திருந்தது. வாடை மூக்கில் ஏறியது. இதை யாரும் தின்னக் கூடாது என்று எண்ணித்தான் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அங்கே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து மாமனார் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தி, கையில் என்ன என்று கேட்டார். சட்டி கழுவ என்று சொல்லிவிட்டு, கழுவாமலே திரும்பினாள். அத்தை உட்காருகிற பலகைக்குப் பக்கத்தில் அதை வைத்தாள். அத்தை குளித்துக்கொண்டிருந்தாள். வந்ததும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மழை சற்று விட்டிருந்ததால் துணி காயவைக்க வேண்டும் என்று மாடிக்குப் போய்விட்டாள்.

இறங்கி வந்தபோது அத்தை சாப்பிட்டு முடித்திருந்தாள். புளியும் மிளகாயும் போட்டுக் கொதிக்கவைத்ததாகச் சொன்னாள். கொஞ்சம் புளிப்பு ஏறிவிட்டது, வேறொன்றுமில்லை என்றாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வாந்தி ஆரம்பித்தது. கம்பவுண்டர் வந்து மிக்சர் கொடுத்துவிட்டுப் போனார். விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வீரமலை ஜட்கா வண்டி பிடித்து வந்தபோது அதற்கு அவசியம் இருக்கவில்லை.

வந்தவர்களிடமெல்லாம் ரத்தினவேல் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். வாந்திபேதி, ஊரெல்லாம் நடமாடுகிறது, விதி. வீரமலை சுவரில் தலையைச் சாய்த்து அழுதுகொண்டிருந்தான். ரங்கநாயகியும் பெண்களோடு சேர்ந்து அழுதாள். அழும்போதே அந்தச் சட்டியைச் சரியாகத் தேய்த்தோமா என்ற நினைப்பு வந்தது.

பன்னிரண்டு மணிக்கு அத்தையின் அண்ணன் வெள்ளைச்சாமி மணப்பாறைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து சேர்ந்தார். மழையில் நனைந்த கோடிச் சேலையை மார்போடு அணைத்திருந்தார். தங்கையின் தலைமாட்டில் உட்கார்ந்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொல்ல ஆரம்பித்தார். நாலு ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண் இவள். உலை கொதிக்கும்போதே தட்டை எடுத்துக்கொண்டு அடுப்பு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாளாம். ஆவி பறக்கிற முதல் கரண்டிச் சோறு அவளுக்கு. பழைய சோறு என்றால் வாந்தி வருகிறது என்று எழுந்து ஓடிவிடுவாளாம். இவளை எந்த வீட்டில் வைத்து ஆளப்போகிறார்கள் என்று அவர்கள் அப்பா சிரிப்பாராம்.

ரங்கநாயகி கையிலிருந்த முந்தானையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

வெள்ளைச்சாமி தலையைத் திருப்பினார். "கடைசியா என்னம்மா சாப்பிட்டா?"

கேள்வி அவளிடம்தான் வந்தது. ஆனால் ரத்தினவேல் முந்திக்கொண்டார்.

"வீட்டுல எல்லாரும் சாப்பிட்டதைத்தான் சாப்பிட்டா மச்சான்."

வெள்ளைச்சாமி இன்னமும் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். வீரமலையும் பார்த்தான். கூடத்தில் ஒப்பாரி சற்று அடங்கியிருந்தது.

"ஆமாங்க" என்றாள் ரங்கநாயகி.

அவர் தலையை ஆட்டிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பாடை கட்டி முடிந்ததும் வாய்க்கரிசி போட அழைத்தார்கள். அளந்து வாங்குகிற அரிசியில் ஆளுக்குக் கொஞ்சம் அள்ளிவந்து ஒரு தாம்பாளத்தில் குவித்திருந்தார்கள். பெண்கள் வரிசையாகப் போட்டார்கள். வெள்ளையம்மாளின் வாய் நிறைந்து, அரிசி மணிகள் கன்னம் வழியாகப் பாயில் சிந்தின. ரத்தினவேல் மூன்று முறை போட்டார். பிறகு பாயில் கிடந்த அரிசியைப் பொறுக்குவதற்காகக் குனிந்தார். பழக்கத்தில் கை அதுவாகப் போயிருக்க வேண்டும். இரண்டு அரிசியை எடுத்தபின் என்ன செய்கிறோம் என்று உறைத்து, விரல்களை உதறிக்கொண்டு நிமிர்ந்தார். மற்றவர்கள் பாடைக்குத் தோள் கொடுக்கிற அவசரத்தில் இருந்தார்கள். ரங்கநாயகி பார்த்தாள்.

ஓயாமாரிச் சுடுகாட்டில் எரித்துவிட்டு ஆண்கள் திரும்பியபோது, அவளுடைய பிறந்த வீட்டிலிருந்து அண்டாவில் சோறும் சாம்பாரும் வந்திருந்தன. ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டிப் பிழைக்கிற குடும்பம். யார் யாரிடமோ அரிசி கேட்டு வாங்கி ஐம்பது பேருக்கு ஆக்கியிருந்தார்கள். மழை விடாததால் இருபது பேர்கூடச் சாப்பிடவில்லை. மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். ஊற்றும்போது, நாளைக்கு இதை யார் சாப்பிடப்போகிறார்கள் என்ற கேள்வி அவளுக்குள் எழுந்தது. பதிலும் உடனே கிடைத்தது.

மறுநாள் காலை சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்தார்கள். வீரமலை தாய்மாமனை பஸ் ஏற்றிவிடப் போனான். இனிமேல் அடுப்பு பற்றவைக்கலாம், பெரியவருக்கு ஏதாவது சுடச்சுடச் செய்துகொடு என்று மாரியாயி வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். ரங்கநாயகி அடுப்பு பற்றவைக்கவில்லை.

ரத்தினவேல் குளித்துவிட்டு வழக்கமான இடத்தில் வந்து உட்கார்ந்தார். மொட்டையடித்த தலையில் தண்ணீர் நின்றது. அவள் தட்டில் நேற்றுச் சோற்றைத் தண்ணீரோடு எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். பக்கத்தில் ஒரு பச்சைமிளகாய்.

அவர் தட்டைப் பார்த்தார். "அடுப்பு பத்தவைக்கலையா?"

"இல்லீங்க மாமா. நேத்துச் சோறு நிறைய இருக்கு. கொட்ட வேண்டாம்னு பார்த்தேன்."

அவர் இரண்டு விரலால் தட்டைச் சற்றுத் தள்ளினார். "அதை நீ எடுத்துக்கம்மா. எனக்குக் கொஞ்சம் ரவை கிண்டிக் குடு."

குரலில் அதிகாரமே இல்லை. களைத்துப்போன, தன்மையான குரல். மனைவியிடம் சொல்லுகிறபோதும் இப்படித்தான் சொல்லியிருப்பார். முப்பத்தைந்து வருஷமும் இப்படித்தான் சொல்லியிருப்பார்.

அவள் தட்டை எடுக்கவில்லை.

"புதன்கிழமை நான் கொண்டுவந்தது காலிச் சட்டி இல்லீங்க மாமா" என்றாள். "திங்கட்கிழமைக் கூட்டு. ஊசிப்போயி நுரைச்சிருந்துச்சு. கொட்டத்தான் வந்தேன். நீங்க உக்காந்திருந்தீங்க. திருப்பிக் கொண்டுபோயி அத்தை பலகைகிட்ட வெச்சுட்டேன்."

வெளியே தாழ்வார ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். மகன் வந்ததும் சொல்லுவார், தன்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். அவர் தட்டின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ மோந்து பார்க்கலையா?"

"பார்த்திருப்பாங்க."

நேற்று மச்சானிடம் தான் சொன்னதைப் பற்றி அவர் பேசவில்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு கவளத்தைப் பிழிந்து எடுத்தார். கை பாதி தூரம் வந்து நின்றது. விரல் இடுக்கிலிருந்து நீர் வழிந்து முழங்கை வரைக்கும் ஓடி மடியில் சொட்டியது.

ரங்கநாயகி அடுக்களைக்குள் போய் உப்பு ஜாடியை எடுத்துவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.