புகை விழுந்த நாள்

எங்கள் பள்ளத்தாக்கில் காற்றை அளக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. நடத்துவது எங்கள் பழங்குடிச் சபை, பார்த்துக்கொள்வது நான். தூசு எங்கிருந்து வருகிறது என்பதில் ரகசியமே இல்லை. ஏரித் தண்ணீரை நகரம் குழாய் போட்டுக் கொண்டுபோய்விட்டது. காற்றடித்தால் வறண்ட படுகை எழுந்து வந்து எங்கள் நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொள்கிறது. நகரத்துக்காரர்களிடம் முறையிட்டால் நம்பரைக் காட்டு என்பார்கள். அதைக் காட்டத்தான் இந்த மிஷின். உள்ளே ஒரு காகித நாடா ஓடும். மணிக்கொரு முறை அதில் தூசு ஒரு வட்டமாகப் படியும்.

இந்த வசந்தத்தில் தூசு அளவு மீறிய நாள் இன்னும் ஒன்று சேர்ந்தால் போதும், ஏரியின் வடக்குப் படுகையை நகரம் தண்ணீர் விட்டு நனைத்தே ஆகவேண்டும் என்பது ஒப்பந்தம்.

அந்த நேரம் பார்த்து என் அண்ணன் போய்ச் சேர்ந்தான். நுரையீரல்தான், வேறென்ன. எங்கள் வழக்கப்படி பெயரைச் சொல்லக்கூடாது, இன்னும் வருஷம் திரும்பவில்லை. இரவெல்லாம் பாடி, விடியும்போது அவன் துணிமணியை அவன் வாசலிலேயே எரிக்க வேண்டும். அப்போதுதான் போனவன் கிளம்புவான். அவன் வாசலோ நிலையத்துக்கு அடுத்த வேலி.

மறுநாள் பெருங்காற்று வரும் என்று எனக்குத் தெரியும். ரோடா அண்ணி, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, அவன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ரெண்டு நாள் தள்ளி வச்சுக்கலாமா? பக்கத்துல புகை இருந்தா அன்னிக்குக் கணக்கு செல்லாம போயிடும்."

"உங்கண்ணன் உசுரோட இருந்தப்பவே யாருக்காகவும் காத்திருந்தது கிடையாது. இப்ப உன் மிஷினுக்காகக் காத்திருக்கப் போறாராக்கும்!"

பாட்டுக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள்.

விடியலில் சட்டைகள், தொப்பி, பூட்ஸ் எல்லாம் எரிந்தன. நெருப்பு அடங்கிக் கங்காகக் கிடந்தபோது படுகை எழுந்து வந்தது. எதிர்வீடு தெரியவில்லை. மிஷினில் நான் அதுவரை பார்த்தேயிராத நம்பர் ஏறியது. சபைத் தலைவர் கிளைடு முகத்தைத் துணியால் பொத்திக்கொண்டு என் தோளைத் தட்டினார்.

"பாத்தியா வோண்டா? உங்கண்ணன் போற போக்குல நம்ம வேலைய முடிச்சுட்டுப் போறான்!"

நெருப்புதான் அடங்கிவிட்டதே, எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்று சந்தோஷமாக அழுதேன்.

அந்த நாளைக் கணக்கில் சேர்ப்பதா என்ற விசாரணையில் நகரத்தின் வக்கீல் ஒரு பெண். மரியாதையாகத்தான் கேட்டாள்.

"அன்னிக்கு நிலையத்துக்குப் பக்கத்துல நெருப்பு ஏதாவது இருந்துச்சாங்க?"

மேஜைக்கடியில் கிளைடு என் காலை மிதித்தார். இல்லை என்றால் முடிந்தது. எங்கள் ஆட்கள் யாரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். ஆனால் நெருப்பே இல்லை என்றால், அண்ணனை நாங்கள் அனுப்பவே இல்லை என்றல்லவா ஆகும்? நாலு பேர் முன்னால் அதைச் சொல்லிவிட்டால், அவன் இன்னும் அந்த வாசலிலேயே நிற்பான்.

"இருந்துச்சு," என்றேன்.

"என்ன எரிச்சீங்க?"

"எங்கண்ணன் சட்டைங்கள."

"மன்னிச்சுக்குங்க," என்றாள். நிஜமாகவே வருந்தினாள். பிறகு அந்த நாளைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டார்கள். ஒரு பிடிக் கங்கு அவ்வளவு புகையைக் கொடுக்காது என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. வசந்தமும் முடிந்திருந்தது. படுகை இன்னொரு வருஷம் காயும்.

"ஒரு வார்த்தைம்மா. ஒரே ஒரு வார்த்தை," என்றார் கிளைடு வெளியே வந்ததும்.

"நீங்க சொல்லியிருப்பீங்களா?"

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார்.

ஊருக்குத் திரும்பியதும் அண்ணியிடம்தான் முதலில் போனேன். "கோட்டை விட்டுட்டேன் அண்ணி," என்றேன். அவள் திட்டவில்லை. இருமல் அடங்கவே வெகுநேரம் ஆனது. போன மாதத்தைவிட மோசம். அடுத்த வசந்தத்தை அவள் பார்ப்பாள் என்று எனக்கு நம்பிக்கையில்லை, அவளுக்கும் இல்லை.

"வோண்டா, நான் போனா எதையும் எரிக்காத."

"அப்புறம் எப்படி அண்ணி கிளம்புவீங்க?"

"கிளம்பல. இங்கயே கிடந்துட்டுப் போறேன். உன் கணக்காவது சுத்தமா இருக்கட்டும்."

விளையாடுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. முடியாது அண்ணி என்று கத்தியிருக்க வேண்டும். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.