முற்றத்து அடுப்பும் நெவேனாவின் பசியும்

ரத்மிலா காரின் பின்கதவைத் திறந்தாள். உள்ளே இரண்டு மூட்டைக் குடைமிளகாய். நடுவே மூன்றாவது மூட்டையைப் போலச் சுருண்டு கிடந்தாள் மகள் நெவேனா. பதினைந்து வயது. புது வீட்டுக்குக் குடிபோனதிலிருந்து சாப்பாட்டைக் கொறிப்பதோடு சரி. வயிற்றுவலி என்பாள், அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். எல்லாச் சோதனையும் செய்து பார்த்த டாக்டர், உடம்பில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். ஒன்றுமில்லாமலா பிள்ளை இப்படி இளைத்துப்போகும்?

புது வீட்டில் குறையென்று எதைச் சொல்வது? கண்ணாடிக் கதவு, காவலாளி, மகளுக்குத் தனி அறை. ரத்மிலாவின் புருஷன் ஆஸ்திரியாவில் லாரி ஓட்டிச் சம்பாதித்த வீடு. ஆனால் அங்கே வெளியில் அடுப்பு மூட்டக்கூடாது. குளிர்காலம் முழுக்க ரொட்டியில் தடவிக்கொள்ள அய்வார் என்கிற மிளகாய்த் தொக்கு வேண்டுமென்றால், செப்டம்பரில் மிளகாயைச் சுட்டாக வேண்டும். அதற்காகத்தான் லெஸ்கோவாட்ஸ் ஊரில் அவர்கள் முன்பு இருந்த பழைய குடியிருப்புக்கு வந்திருந்தாள்.

முற்றம் முழுக்கப் புகை. அந்த வாசனை பட்டதும் ரத்மிலாவுக்குத் தன் சிறுவயது ஞாபகம் வந்தது. கடைகள் காலியாகக் கிடந்த ஒரு குளிர்காலத்தில், யார் வீட்டு அடுப்பு எரிகிறதோ அந்த வீட்டு மேசையில்தான் அந்த மாடிப்படியில் குடியிருந்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சோறு. அம்மா ஆலைக்கு வேலைக்குப் போயிருந்தால் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தட்டு தானாக வந்துவிடும். அதே முற்றத்தில்தான் தோல் ஆலையின் புகையும் இறங்கியது. விலா நோக இருமிய ராத்திரிகளில், என் பிள்ளை இங்கே வளராது என்று அவள் சபதம் எடுத்திருந்தாள்.

"வந்துட்டாடி மகாராணி. புது வீட்டுல அடுப்பு மூட்டினா போலீஸ் வருமாமே?" என்றாள் தேசாங்கா. அதே மாடிப்படியில் ரத்மிலாவோடு கூட வளர்ந்தவள்.

"போலீஸ் இல்லடி, காவலாளி."

"நெவேனா, சிமெண்டுப் படியில உக்காராத. அடிவயித்துல குளிர் ஏறிடும். இந்தா பலகை," என்று நீட்டினாள் தேசாங்கா.

"அதெல்லாம் ஏறாது அத்தை."

"ஏறினப்புறம் எங்கிட்ட வந்து அழாத. உரி."

நெவேனா சுட்ட மிளகாயின் தோலை உரிக்கத் தொடங்கினாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ராதிசா, பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், அவள் கையையே கவனித்தார்.

"இந்தப் பொண்ணு உரிக்கிற வேகத்துக்கு அடுத்த வருஷ மிளகாயே பழுத்துடும்."

"நீங்க கருக்குற வேகத்துக்கு உரிக்க ஒண்ணும் மிஞ்சாது மாமா."

முற்றமே சிரித்தது. மகளின் இந்த வாயைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று என்று ரத்மிலா நினைத்துக்கொண்டாள்.

தேசாங்கா சூடான மிளகாயில் உப்பும் பூண்டும் போட்டு, ரொட்டியோடு நெவேனா பக்கத்தில் வைத்தாள். சாப்பிடு என்று சொல்லவில்லை. பேச்சுவாக்கில் நெவேனாவின் கை ரொட்டியைப் பிய்த்தது. ரத்மிலா திரும்பிப் பார்க்கப் போனாள். தேசாங்கா அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"பாக்காதடி. நீ பாத்தா நிறுத்திடுவா."

ரத்மிலா அடுப்பையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் ரொட்டி மொறுமொறுத்தது. சற்றுப் பொறுத்து மறுபடியும்.

பொழுது சாய்ந்தபோது உரித்த மிளகாயைத் துணியில் கட்டித் தண்ணீர் வடியத் தொங்கவிட்டார்கள்.

"அம்மா, நான் இங்கயே இருக்கேன். நாளைக்குத்தான் கிளறணுமாம், ஆள் வேணுமாம்."

"காலையில கூட்டிட்டு வரேன்."

"திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கும் இங்கேருந்தே போறேனே."

"அங்க உனக்கு என்னடி குறை?"

"ஒரு குறையும் இல்லம்மா. நேத்து சாயங்காலம் பூரா அங்க வாசப்படியிலதான் உக்காந்திருந்தேன். எல்லாரும் என்னைச் சுத்திக்கிட்டுப் போனாங்க. எந்திரின்னு ஒருத்தர்கூடச் சொல்லல."

ரத்மிலாவுக்குச் சுருக்கென்றது. அத்தனை வருஷத்துச் சம்பாத்தியம் அந்த வீடு. குடியிருப்பின் ஜன்னல்களில் விறகுப்புகை படியத் தொடங்கியிருந்தது. மகளின் கன்னத்தில் கரியும், மிளகாயின் சிவப்பும்.

"ராத்திரி ஜன்னலைச் சாத்திக்க," என்றாள் கடைசியில். "புதன்கிழமை வரைக்கும்தான்."

பின்பாதி நெவேனாவின் காதில் விழுந்ததா தெரியவில்லை. தேசாங்கா மாடியிலிருந்து வாளி கேட்டுக் கத்தவே, அவள் படியேறி ஓடிவிட்டாள். போயிட்டு வா என்றுகூடச் சொல்லவில்லை. ரத்மிலா காருக்குப் பக்கத்தில் நின்று, மகள் ஜன்னலில் எட்டிப்பார்ப்பாள் என்று காத்திருந்தாள். முகம் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது.

"அத்தை, இன்னும் ரொட்டி இருக்கா?"

ரத்மிலா காரைக் கிளப்பினாள்.